மகளின் கத்தி, என் பிடி

கத்தி செவ்வாய்க்கிழமை மாலை வந்தது. கூரியர்காரர் கேட்டுக்கு வெளியே நின்று கையெழுத்து வாங்கிக்கொண்டே, "சின்னப் பொட்டி, இந்தக் கனம் கனக்குது. இன்னா மேடம் உள்ள?" என்றார்.

"ஸ்கூல் லேபுக்கு" என்றேன். பொய். ஒரு விலங்கியல் ஆசிரியை வீட்டுக்குக் கத்தி வருவது குற்றமில்லை. ஆனாலும் திண்டிவனத்தில் எங்கள் தெருவில் "கத்தி" என்று வாய்விட்டுச் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

பெட்டிக்குள் தடித்த தோல் உறை, உறைக்குள் கத்தி. கூடவே ஒரு அட்டை. வேட்டைக்கும் வெளி வேலைகளுக்கும் ஏற்றது, ஒரே துண்டு எஃகு, மடங்காது, ஆளுக்கேற்ப அளவெடுத்துச் செய்தது என்று அதில் அச்சடித்திருந்தது. வேட்டை என்ற சொல்லைப் பார்த்ததும் பயத்துக்கு நடுவிலும் சிரிப்பு வந்தது. என் மகள் வீட்டில் எலிப்பொறி வைத்தாலே இரண்டு நாள் என்னோடு பேசமாட்டாள். அவள் வேலை செடிகளை எண்ணுவது. திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் நடுவே மிச்சமிருக்கும் முள்காடுகளிலும் கோயில் காடுகளிலும் நுழைந்து, எந்தச் செடி எத்தனை இருக்கிறது என்று குறித்து, விதை சேகரித்து வருகிற சிறிய குழுவில் இருக்கிறாள். கொடி அறுக்க வேண்டும். காயைப் பிளந்து விதை முற்றிவிட்டதா என்று பார்க்க வேண்டும். முயலுக்கு யாரோ கட்டிவைத்த நைலான் கண்ணி கண்ணில் பட்டால் அதையும் அறுத்துப் போடுவாள். இடுப்பில் கத்தி இல்லாமல் அந்த வேலை நடக்காது.

ஏழு மாதத்துக்கு முன்பு அவள் இடுப்பில் இருந்தது வேறு கத்தி, மடக்குக் கத்தி. அதை வாங்கிக் கொடுத்தது நான். அவள் அப்போதே மடங்காத கத்திதான் வேண்டும் என்றாள். நான்தான், "அது ரவுடிங்க வச்சிக்கினு சுத்தற கத்தி. பஸ்ல போலீஸ் பாத்தா இன்னா சொல்லுவ?" என்று சண்டை போட்டு, புதுச்சேரியில் ஒரு கடையில் ஏறி, மடக்கினால் சோப்புப் பெட்டி மாதிரி அடக்கமாக இருந்த ஒன்றை வாங்கினேன். கூர் உள்ளே போய்விடுகிறது, அப்புறம் என்ன ஆபத்து என்பது என் கணக்கு. மடங்குகிற ஒன்று எப்போது வேண்டுமானாலும் மடங்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு கோயில் காட்டில், காய்ந்த மரப்பட்டையைக் கத்தி முனையால் நெம்பியபோது அலகைப் பிடித்து நிறுத்துகிற பூட்டு விட்டுப்போய், கத்தி அவள் வலது கை விரல்களின் மேல் மூடிக்கொண்டது. நான் பத்தாம் வகுப்பில் இதயத்தின் அறைகளைப் பலகையில் வரைந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறோம் என்றார்கள். பஸ்ஸில் போகும்போது என் விரல்களில் ஒட்டியிருந்த சிவப்பு சாக்பீஸ் தூளைப் புடவையில் துடைத்துக்கொண்டே போனேன். துடைக்கத் துடைக்கப் போகவில்லை. இன்றும் வகுப்பு நேரத்தில் போன் அதிர்ந்தால், பாதி வாக்கியத்தில் பாடத்தை விட்டுவிட்டு எடுக்க ஓடுகிறேன்.

தசைநாண் வெட்டுப்பட்டிருந்தது. தைத்தார்கள். நன்றாகத்தான் தைத்தார்கள். ஆனால் ஆள்காட்டி விரல் பழையபடி முழுதாக மடங்காது, பயிற்சி செய்யச் செய்யக் கொஞ்சம் தேறும் என்றார்கள்.

கட்டுப் பிரிக்கும் முன்பே அவள் இந்தக் கத்திக்குச் சொல்லிவிட்டாள். கண்டமங்கலம் பக்கத்தில் ஒருவர் செய்கிறார், இன்ஸ்டாகிராமில் பார்த்தேன் என்றாள். நான் தடுக்கவில்லை. மாதக்கணக்கில் ஆகும் என்று அவர் சொன்னதால், அதற்குள் மனம் மாறிவிடும், அதுவரை எதையாவது எதிர்பார்த்திருக்கட்டும் என்று விட்டேன். பிடிக்கு அளவெடுக்க ஒரு பாக்கெட்டில் களிமண் அனுப்பினார். கத்தி பிடிப்பது போல் அதை இறுக்கிப் பிடித்து, பதிந்ததைத் திருப்பி அனுப்ப வேண்டும். அவள் கை அப்போது மாவுக்கட்டில் இருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே அளவு வளையல்தான், செருப்பும் ஒரே அளவு. "குடு, நான் புடிக்கிறேன்" என்று நானே பிடித்துக் கொடுத்தேன். களிமண் விரலிடுக்கில் பிதுங்கியது வேடிக்கையாக இருந்தது.

இப்போது கத்தி வந்துவிட்டது. அவள் விழுப்புரத்தில் இருந்தாள். காயத்துக்குப் பிறகு குழுவின் அலுவலகத்தில் கணினி வேலை கொடுத்திருந்தார்கள், தோழியோடு தங்கி வாரக் கடைசியில் வருவாள். போனில் சொன்னேன்.  அவள் சொன்னாள்.

"திங்கக்கிழமைக்குள்ள எங்க குரூப் சார் பதில் சொல்லச் சொல்லிருக்காரும்மா. வெத சீசன் ஆரம்பிக்குது. நான் காட்டுக்கு வரலன்னா வேற ஆள் எடுத்துடுவாங்க. எனக்கு ஆபீஸே பர்மனென்ட்டு."

"சரி."

"கத்தி இல்லாம போயி மத்தவங்கள கெஞ்சிக்கினு நிக்க முடியாது. இன்னொன்னு செய்யச் சொல்ல டைமும் இல்ல. அதனால நீயே பாரு. நாலு நாள் வச்சிப் பாரு. நீ சரின்னா போறேன். நீ வேணாம்னா திருப்பிக் குடுத்துட்டு ஆபீஸ்லயே உக்காந்துடறேன்."

"நான் இன்னாத்தடி பாக்கறது?"

"நீதானம்மா போன தடவையும் பாத்த" என்றாள். குத்திக் காட்டவில்லை. அவள் குரலில் அப்படி எதுவும் இல்லை. ஆனாலும் போனை வைத்த பிறகு நான் சமையலறையில் நெடுநேரம் நின்றேன். ஓசூரில் வேலை செய்யும் என் கணவரிடம் சொன்னபோது, "நீ சயின்ஸ் டீச்சர், நீ பாத்து சொல்லு" என்று தப்பித்துக்கொண்டார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் இரவே முடிவு செய்துவிட்டேன், கத்தி தேறாது என்று. தேறக்கூடாது. ஏதாவது ஒரு குறை கண்டுபிடிக்க வேண்டும், கண்டுபிடித்தால் அவள் விசிறிக்கடியில் உட்கார்ந்து பட்டியல் தட்டச்சு செய்துகொண்டிருப்பாள், எனக்கும் தூக்கம் வரும். பள்ளிச் செய்முறைப் பதிவேடு ஒன்றை எடுத்து, சோதனை, காண்பன, அறிவன என்று மூன்று கட்டம் போட்டேன். குறை கண்டுபிடிக்கத்தான் போட்டேன்.

ஆனால் கத்தியைக் கையில் எடுத்ததும் வேறு ஒன்று நடந்தது. நான் கல்லூரியில் தவளை அறுத்த காலத்திலிருந்து பிடித்த கத்தியெல்லாம் ஒன்றுக்கும் உதவாத கத்திகள். இது அப்படியில்லை. நான்கு அங்குல அலகு. முனையை நோக்கிப் போகும்போது வயிறு மாதிரி வளைந்து ஏறியது. முதுகுப்பக்கம் தடித்து, கூர்ப்பக்கமாக மெல்ல மெல்லச் சரிந்தது. பிடிக்கும் அலகுக்கும் நடுவே விரல் வழுக்கிக் கூர்ப்பக்கம் போகாமல் தடுக்க ஒரு திமில். அதற்குப் பின்னால் ஆள்காட்டி விரலுக்கென்று ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் என் விரல் போய் உட்கார்ந்த விதம் இருக்கிறதே, பழைய செருப்பில் கால் நுழைவது போல.

புதன்கிழமை செய்தித்தாளை அறுத்தேன். தாள் கிழியவில்லை, சத்தமில்லாமல் இரண்டாகப் பிரிந்தது. வீடியோவில் பார்த்தபடி முன்கை ரோமத்தை லேசாக வழித்துப் பார்த்தேன். ஒரு அங்குலத்துக்கு வழுவழுவென்று ஆகிவிட்டது. மறுநாள் வகுப்பில் அந்த இடத்தைப் புடவைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு பாடம் நடத்தினேன். தக்காளி அறுத்து, கழுவ மறந்து வைத்துவிட்டு வந்து பார்த்தால் அலகில் மயில் கழுத்து மாதிரி நீலம் படர்ந்திருந்தது. "வந்துடுச்சி குறை" என்று பதிவேட்டைத் தூக்கினேன். பிறகு தேடிப் படித்தேன். கார்பன் கூடுதலான எஃகு அப்படித்தான் நிறம் மாறுமாம். துருவில்லை, துருவிலிருந்து காக்கிற படலம். குறை என்று எழுதியதை அடித்தேன். அடிக்கும்போது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, அதுதான் ஆச்சரியம்.

கொல்லையில் இருந்த தேங்காய்நார்க் கயிற்றை எடுத்து, நூறு அறுப்பு அறுத்தேன். நார்க்கயிறு எந்தக் கத்தியின் கூர்மையையும் தின்றுவிடும். அறுபதில் லேசாக இழுத்தது, நூறிலும் தக்காளித் தோலில் இறங்கியது. வியாழக்கிழமை சாயங்காலம் சமையலுக்குத் தேங்காய் உடைக்க வேண்டியிருந்தது. கையில் அது இருந்ததால் யோசிக்கவே இல்லை. கத்தியைத் திருப்பி, முதுகால் தேங்காயின் நடுவில் சுற்றி நாலு போடு போட்டேன். பிளந்துகொண்டது. அப்புறம்தான் நான் செய்தது உறைத்தது. யாரோ மெருகேற்றி, மாதக்கணக்கில் இழைத்துக் கொடுத்ததை வைத்துத் தேங்காய் உடைத்திருக்கிறேன். முதுகில் மெல்லிய கீறல் மட்டும். அதைப் பதிவேட்டில் எழுதவில்லை. மாணவர்கள் செய்கிற தப்பை நானும் செய்தேன், சோதனையில் நடந்ததை மறைத்தேன்.

சனிக்கிழமை வரையில் அறிவன என்ற கட்டம் காலியாகவே இருந்தது. ஒன்று மட்டும் பாக்கி. வேட்டைக் கத்தி என்றால் தோலுரிக்க வேண்டும்.

திண்டிவனத்துக்கு வெளியே இருக்கும் கிராமத்தில் என் தம்பி இருக்கிறான். கொத்து வேலை செய்கிறவன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காலைப் பூசை முடிந்ததும் அங்கே நாலு வீடு சேர்ந்து ஒரு ஆடு வாங்கி, உரித்துக் கூறு போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். உரிப்பது எப்போதும் தம்பிதான். மகளையும் விழுப்புரத்திலிருந்து நேரே அங்கே வரச் சொல்லிவிட்டு, கத்தியைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனேன்.

ஆடு புங்கமரக் கிளையில் தொங்கியது. தம்பி கத்தியை உறையிலிருந்து உருவிப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, இத வச்சி கறி அறுக்கவா, மாலை போட்டுக் கும்புடவா?" என்றான்.

"அறுத்துப் பாத்து சொல்லுடா."

"ஃபாதர்கிட்ட குடுத்து மந்திரிச்சிட்டுதான் தொடணும் போல" என்று சொல்லிக்கொண்டே பின்னங்காலில் தொடங்கினான். அப்புறம் பேச்சு நின்றுவிட்டது. வழக்கமாகத் தோலுரிக்கும்போது ஊர்க்கதை எல்லாம் பேசுகிறவன். அலகின் வளைந்த வயிறு தோலுக்கும் தசைக்கும் நடுவே ஓடியது. எந்த இடத்திலும் தோல் பொத்தலாகவில்லை. ஒரு இடத்தில் நிறுத்தி, முழங்கையால் நெற்றியைத் துடைத்து, "சொன்ன பேச்சு கேக்குது" என்றான்.

தோல் இறங்கியதும் கறி நறுக்க உட்கார்ந்தான். இங்கே கறி நறுக்குகிறவர்கள் கத்தியைக் கையில் பிடிப்பதில்லை. குந்தி உட்கார்ந்து, பிடியைக் கால் கட்டைவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவில் இடுக்கி, கூர்ப்பக்கத்தை எதிரே நிறுத்தி, கறியை இரண்டு கையாலும் பிடித்து அதன்மேல் இழுப்பார்கள். கத்தி நிற்கும், கறிதான் போய் வரும். தம்பியும் அப்படியே இடுக்கினான். புடைத்த பிடி விரலிடுக்கில் உருண்டது. மறுபடி இடுக்கினான், மறுபடி உருண்டது.

"இது காலுக்கு அடங்காத கத்திக்கா. நமக்கு ஆவாது."

பக்கத்தில் பனையோலை விரித்துக்கொண்டிருந்த அவன் மனைவி நிமிராமலே, "உன் காலுக்கு அளவெடுத்தா செஞ்சாங்க? மூடிக்கினு பழைய கத்திய எடு" என்றாள். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அப்போதுதான் மகள் ரோட்டிலிருந்து நடந்து வந்தாள். தம்பி கத்தியைக் கழுவித் துடைத்து அவளிடம் நீட்டினான். "மாமன் பாஸ் பண்ணிட்டேன். புடி."

அவள் பிடித்தாள். ஒரு கயிற்றுத் துண்டை எடுத்து அறுத்தாள். அறுந்தது. "சூப்பர் மாமா" என்றாள். யாரும் எதையும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன், ஏழு மாதமாக நான் கவனித்துக்கொண்டிருப்பது அந்த ஒரு விரலைத்தான். என் விரல் சொகுசாக உட்கார்ந்த பள்ளத்தில் அவள் விரல் உட்காரவில்லை. மடங்காத விரல், பள்ளத்தின் விளிம்பில் முட்டி, திமிலைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அழுத்தும்போதெல்லாம் அது கூர்ப்பக்கம் சரிந்தது.

நாலு நாள் நான் செய்த சோதனை எல்லாம் என் கையால் செய்தது. என் கைக்குச் செய்த கத்தி என் கையில் தேறியது, அவ்வளவுதான். வளையல் அளவு ஒன்றாக இருந்தால் கை ஒன்றாகிவிடுமா? காயம் பட்ட கைக்கு, காயம் படாத கையை அளவு கொடுத்திருக்கிறேன். இரண்டாவது தடவையும் நானேதான்.

முதலில் எனக்கு வந்தது நிம்மதி. அதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல நியாயமான காரணம் கிடைத்துவிட்டது, தேடிக் கிடைக்காதது தானாக வந்துவிட்டது என்று நெஞ்சு ஒரு நொடி லேசானது.

அடிபம்பில் கை கழுவப் போனவளின் பின்னால் போனேன்.

"புடிச்சதுமே தெரிஞ்சிதில்ல உனக்கு?"

தண்ணீர் அடித்துக்கொண்டே, "தெரிஞ்சிது" என்றாள்.

"அப்புறம் இன்னாத்துக்கு சூப்பர்ன?"

"நீ சரின்னு சொல்லிடுவியோன்னு பாத்துக்கினு இருக்கேன். அதுக்குள்ள நானே சரியில்லன்னு எடுத்துக் குடுக்கணுமா?" அவள் என்னைப் பார்க்கவில்லை. "பழகிடும்மா. வெரல தள்ளி வச்சிப்பேன்."

அந்த விரலோடு, அந்தக் கத்தியோடு, பழகிவிடும் என்று சொல்லிக்கொண்டு போகத் தயாராக இருந்தாள். அவ்வளவு ஆசை. நான் வேண்டாம் என்றால் திரும்பி விழுப்புரம் போய்விடுவாள், ஒரு வார்த்தை பேசாமல். அவள் வாக்கு மாற மாட்டாள். எனக்கு அழுகை வந்தது. ஆனால் அழுகைக்கு அடியில் ஒரு கேள்வியும் இருந்தது, அதுவும் விடவில்லை. மடங்காத விரலுக்குப் பிடி எப்படி இருக்க வேண்டும்?

"இன்னிக்கு ஞாயித்துக்கெழம. திங்கக்கிழமைதான கெடு?" என்றேன். "கண்டமங்கலத்துக்குப் போன் போடு."

கத்திக்காரர் வீட்டில் இருந்தார். வரச் சொன்னார். கூறு கறியைத் தம்பி வீட்டிலேயே விட்டுவிட்டு, விழுப்புரம் போய் புதுச்சேரி பஸ் மாறிப் போய்ச் சேரும்போது மணி இரண்டரை.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். அந்தப் பக்கத்தில் பாதிப் பேரைப் போலப் புதுச்சேரிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர், ஒரு தொழிற்சாலையில் அச்சுகளும் கருவிகளும் செய்கிற டூல் ரூம் ஆள். இப்போது வீட்டிலேயே இரும்பு இழைக்கிற பெல்ட் கிரைண்டர் போட்டு முழுநேரமும் கத்திதான். கத்தியைத் திருப்பிப் பார்த்தார். முதுகை விரலால் தடவினார்.

"தேங்கா ஒடச்சீங்களா டீச்சர்?"

எனக்கு முகம் சுட்டது. "தெரியாம..."

"அட, எல்லாரும் ஒடைக்கிறாங்க. மொத பத்து கத்தி அனுப்பினதுல எட்டு பேரு ஒடச்சாங்க. அதுலர்ந்து முதுக பதம் இறக்கி மெத்துன்னு விட்டுடறேன். கூரு மட்டும்தான் கெட்டி."

"அப்ப வேட்டைக்குன்னு கார்டுல போட்டிருக்கீங்களே?"

"வேட்டைன்னு போட்டாதான் பாக்குறாங்க. நம்ம ஊருல யாரு வேட்டைக்குப் போறாங்க? வாங்கிக்கினு போயி பீச்ல கூடாரம் போட்டு வெங்காயம் நறுக்குறாங்க" என்று சிரித்தார். பிறகு மகளிடம் கத்தியைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். அவர் சிரிப்பு அடங்கியது. அவள் விரலைத் தொடாமல், குனிந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"களிமண்ணுல புடிச்சது யாரு?"

"நான்தான்" என்றேன்.

 திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இந்தப் பள்ளத்த எடுத்துடணும்" என்று மட்டும் சொன்னார்.

அப்புறம் என் வாய் சும்மா இருக்கவில்லை. எடுத்துவிட்டால் விரல் எங்கே போகும், திமிலை உயர்த்த முடியுமா, ஸ்கால்பெல் பிடிப்பது போல ஆள்காட்டி விரலை முதுகின் மேல் நீட்டி வைத்தால் என்ன, நாங்கள் தவளை அறுக்கும்போது அப்படித்தான் பிடிப்போம் என்று வரிசையாகக் கேட்டேன். அவர் பொறுமையாக மகளை அப்படிப் பிடித்து ஒரு சவுக்குக் குச்சியைச் சீவச் சொன்னார். இரண்டு சீவலில் அவள் முகம் சுருங்கியது. "வலிக்குது. அழுத்தம் பூரா அந்த வெரல்லயே எறங்குது."

"தவள செத்துப்போச்சி டீச்சர், அசையாது. குச்சி திமிறும்" என்றார் அவர்.

அவள் கத்தியைக் கையில் போட்டுப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அண்ணா, இந்த வெரல் ஒண்ணும் புடிக்க வேணாம். மத்த மூணு வெரலும் கட்டவெரலும் போதும். இது சும்மா பக்கவாட்டுல படுத்துக்கினு இருக்கட்டும். அதுக்கு ஒரு எடம் குடுங்க" என்றாள்.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பென்சிலால் பிடியின் பக்கத்தில் ஒரு கோடு இழுத்தார்.

மூன்று மணி நேரம் ஆனது. இழைப்பார், கொடுப்பார், அவள் சீவுவாள், "இங்க முட்டுது" என்பாள், வாங்கி மறுபடி இழைப்பார். மரத்தூளும் ஏதோ பிசின் கருகிய வாசனையும் கொட்டகை முழுக்க. பள்ளம் போய்விட்டது. பிடியின் கன்னத்தில் விரல் படுக்க ஒரு நீண்ட தட்டை வந்தது. உள்ளங்கைக்குப் புடைப்பு. நான் இடையில் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, "அம்மா, உனக்கு வலிக்காதும்மா. எனக்குத்தான் தெரியும். கொஞ்சம் சும்மா இரேன்" என்றாள். அவர் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு என் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார், என்னைப் பிடித்து வைக்க அனுப்பப்பட்டவர் மாதிரி.

கடைசியில் அவர் ஒரு முற்றிய கருவேல விறகைக் கொடுத்து, "பலமா சீவுங்க. வழுக்கணும். வழுக்கினாதான் தெரியும்" என்றார்.

நான் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. மூடிக்கொண்டேன் என்று எழுதத்தான் தோன்றுகிறது, ஆனால் மூடவில்லை. எப்படி வழுக்குகிறது என்று பார்க்க வேண்டும் போல் இருந்தது. அவள் அழுத்தினாள். ஒரு கணுவில் கத்தி சறுக்கிக்கொண்டு போனது. கை முன்னால் பாய்ந்து, நடுவிரல் திமிலில் மோதி நின்றது. ஆள்காட்டி விரல் தன் இடத்தில் படுத்தபடியே இருந்தது, ஒன்றும் நடக்காதது போல. என் கையிலிருந்த மோர் புடவையில் சிந்தியிருந்தது.

அவள் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்கிப் பார்த்தாள். இன்னொரு தடவை வேண்டுமென்றே வழுக்கவிட்டாள். இன்னொரு தடவை. பிறகு கத்தியைத் துடைத்து உறையில் போட்டு, போனை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு வெளியே போனாள்.

என்னிடம் கேட்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ சரின்னா போறேன் என்றுதானே சொன்னாள். பதிலைக்கூட மனதுக்குள் இரண்டு விதமாகத் தயார் செய்துகொண்டிருந்தேன். தகரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் கேட்டது.

"சார், நாளைக்கு வர்றேன் சார்... இல்ல, ஆபீஸுக்கு இல்ல. காட்டுக்கு."

 போனில் அவள் சார் என்னைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும்.

"அம்மாவா? இங்கதான் சார் கீறாங்க. கத்திக்காரர கேள்வி கேட்டே சாவடிச்சிக்கினு இருக்காங்க" என்று சிரித்தாள்.

அப்போது நான் எந்தக் கேள்வியும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. மோர் டம்ளரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.  நாளைக் காலையில் அவள் பஸ் ஏறுவாள், நான் பள்ளிக்குப் போவேன், வகுப்பு நேரத்தில் போன் அதிரும். அந்தப் பயம் இனி நிற்கப் போவதில்லை. கத்திக்காரர் என்னைப் பார்த்தார், பார்க்காதது போல கிரைண்டர் பெல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தார்.

சுவரோரம் ஒரு நீண்ட தகர டப்பாவில் கறுத்த எண்ணெய் இருந்தது. வந்ததிலிருந்து அதன் வாசனை எனக்குத் தெரிந்த வாசனையாக இருந்தது.

"அது இன்னா எண்ணெய்?" என்றேன். குரல் ஒழுங்காகத்தான் வந்தது.

"மல்லாட்ட எண்ணெய் டீச்சர், கடல எண்ணெய்தான். கத்திய செவக்கக் காய்ச்சி அதுலதான் முக்கறது."

"தண்ணியில முக்கினா?"

"விரிஞ்சிடும். சட்டுனு குளுந்தா தாங்காது."

"எத்தனை டிகிரியில?"

அவர் பெல்ட்டைக் கீழே வைத்துவிட்டு, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார். வெளியே என் மகள், எந்தப் பஸ், எத்தனை மணிக்கு என்று யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தாள்.